நியூயார்க் ஸ்லைஸ் கடைகள்: ஸ்டாரை நம்பலாமா?

வாசகர் கேள்வி:
போன வாரம் வேலை விஷயமாக மன்ஹாட்டன் போயிருந்தேன். மேப்பில் ஒரு பீட்ஸா கடைக்கு 4.6 ஸ்டார், ஆயிரக்கணக்கில் விமர்சனம். நம்பிப் போய் ஒரு சீஸ் ஸ்லைஸ், அதாவது சீஸ் மட்டும் போட்ட ஒரு பீட்ஸாத் துண்டு, வாங்கினேன். சப்பென்று இருந்தது, மெல்லவே முடியவில்லை. மறுநாள் பசிக்கு ஏதோ ஒரு 3.9 கடையில் ஒதுங்கினேன், அது பிரமாதம். காசு வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறார்களா எல்லாரும்?

9 மார்ச் 2024, காலை

தெருமுனை ஸ்லைஸ் கடைக்காரர் காசு கொடுத்து ஆள் வைத்து எழுதச் சொல்வாரா? அவருக்கு வாடகை கட்டவே மூச்சு முட்டுகிறது. சில பெரிய கடைகள் செய்யலாம், அதை விடுங்கள்.

எனக்கு வேறு சந்தேகம். எத்தனை மணிக்குப் போனீர்கள்? கண்ணாடிக்குப் பின்னால் அந்த முழு பீட்ஸாவில் எத்தனை துண்டு மிச்சம் இருந்தது? அடுப்பில் திரும்பப் போட்டுக் கொடுத்தார்களா, அப்படியே தட்டில் வைத்து நீட்டினார்களா? இந்த மூன்றும் தெரியாமல் அந்தக் கடையைப் பற்றி நீங்களும் ஒன்றும் சொல்ல முடியாது, அந்த 4.6 போட்டவர்களும் சொல்ல முடியாது.

உட்கார்ந்து சாப்பிடும் ஹோட்டலில் நாம் சொன்ன பிறகு சமைக்கிறார்கள். ஸ்லைஸ் கடையில் நாம் வருவதற்கு முன்பே வெந்து, வெட்டி, வெளியே காத்திருக்கிறது. நாம் கை காட்டியதும் மறுபடி அடுப்புக்குள் போய்விட்டு வருகிறது. இரண்டு சூட்டுக்கும் நடுவில் பத்து நிமிஷம் ஓடியிருக்கலாம், மூன்று மணி நேரமும் ஓடியிருக்கலாம். மதியம் பன்னிரண்டரைக்கு வரிசையில் நின்று தின்றவரும் நாலு மணிக்கு ஈ ஓட்டும் நேரத்தில் போனவரும் ஒரே கடையைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். தின்றது வேறு வேறு.

9 மார்ச், இரவு

கேட்டவர் பதில் போட்டிருக்கிறார்: மூன்றே முக்காலுக்குப் போனாராம். "சூடு பண்ணட்டுமா" என்று கேட்டார்களாம், மீட்டிங்குக்கு நேரமாகிறது என்று "வேண்டாம்" சொல்லிவிட்டாராம்.

சார், கதை அங்கேயே முடிந்துவிட்டது.

அந்தச் சூடு பண்ணுவது உபசாரம் இல்லை, சமையலின் இரண்டாம் பாதி. எங்கள் ஆபீஸ் கட்டிடத்துக்குக் கீழே ஒரு கடை இருக்கிறது. அங்கே மதியம் அடுப்படியில் நிற்கும் பெரியவரைக் கவனித்துப் பாருங்கள். துண்டைத் தூக்கி நேராக அடுப்பின் கல்தரையில் வைப்பார், தட்டோ தாளோ கிடையாது. கதவுப் பக்கம் சூடு குறைவு, உள்ளே போகப் போக அதிகம். எடுத்த எடுப்பில் உள்ளே தள்ளமாட்டார். முன்னால் வைத்து, இன்னொருத்தருக்குச் சில்லறை கொடுத்துவிட்டு வந்து, நீளக் கரண்டியால் ஓரத்தைத் தூக்கி அடியைப் பார்ப்பார். பிறகுதான் பின்பக்கம் ஒரு தள்ளு. சீஸின் மேல் எண்ணெய் மினுக்கத் தொடங்கி, ஓரத்தில் சின்னச் சின்னதாகக் கொப்புளம் வந்ததும் வெளியே. கடிகாரம் பார்ப்பதே இல்லை. அவர் லீவு போட்டால் அங்கே நிற்கும் பையன் எல்லாத் துண்டையும் வரிசையாக ஒரே இடத்தில் அடுக்கி, ஒரே நேரத்தில் எடுப்பான். மாவு அதே, சாஸ் அதே, சீஸ் அதே. அன்றைக்கு நான் ஸ்டார் போட்டால் ஒன்றரை குறையும்.

10 மார்ச்

கமெண்ட்டில் ஒருத்தர் "பழசைச் சூடு பண்ணி விற்கிறான், அதற்கு நீங்கள் வக்காலத்தா" என்று கேட்டிருக்கிறார். ஆறின கஞ்சி பழங்கஞ்சிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது மறுபடி சூடாவதற்கென்றே செய்யப்பட்ட சாமான்.

துண்டாக விற்கப்போகும் பீட்ஸாவை ஒழுங்கான கடைகள் முழு பீட்ஸா ஆர்டரை விடக் கொஞ்சம் வெளுப்பாகவே வெளியே எடுத்துவிடும். மிச்ச நிறம் இரண்டாவது சூட்டில் வரவேண்டும் என்பது கணக்கு. சீஸும் அதற்கேற்ற சீஸ். ஈரப்பதம் குறைந்த, கட்டியாக வரும் மொஸரெல்லாவைத் துருவிப் போடுகிறார்கள். தண்ணீரில் மிதக்கும் புது மொஸரெல்லா ஒரு தடவைக்கு அருமையாக இருக்கும். இரண்டாம் தடவை அடுப்புக்குப் போனால் தண்ணீர் விட்டு இறுகிப்போகும். மாவில் புரதம் அதிகம், கூடவே கொஞ்சம் எண்ணெயும் சர்க்கரையும் சேர்ப்பார்கள், ஓரிரண்டு நாள் குளிரில் புளிக்க வைப்பார்கள். பதினெட்டு அங்குல வட்டத்தை எட்டாக வெட்டிய துண்டு, மடித்தால் முதுகு உடையக் கூடாது, நுனியும் தொங்கக் கூடாது. எல்லாம் சேர்ந்துதான் நின்றபடி, நடந்தபடி தின்ன முடிகிறது.

இதற்கு அடுப்பும் ஒரு காரணம். பழைய நியூயார்க் கடைகள் நிலக்கரி அடுப்பு. லம்பார்டிஸ் 1905 என்று போர்டிலேயே போட்டிருப்பார்கள். கரி அடுப்பின் சூடு மிக அதிகம், சில நிமிஷத்தில் வெந்துவிடும், முழுசாக வாங்கி மேஜையில் வைத்துச் சூடாறுவதற்குள் தின்ன வேண்டும். ப்ளீக்கர் தெரு ஜான்ஸ் கடையில் இன்றைக்கும் "ஸ்லைஸ் கிடையாது" என்று வெளியே எழுதியே வைத்திருக்கிறார்கள். கேஸ் அடுப்பு வந்தது. அதில் ஐந்நூறு, ஐந்நூற்றைம்பது டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிதானமாக வேகும். அதற்கப்புறம்தான் துண்டு வியாபாரம் மூலைக்கு மூலை பரவியது. ஈஸ்ட் ஹார்லெமில் 1933-லிருந்து இருக்கும் பாட்ஸிஸ் கடையில் கரி அடுப்பு ஸ்லைஸும் கிடைக்கும், அது தனி ஜாதி. அதை வாங்கி ரயிலேறி வீட்டுக்குக் கொண்டுபோய்த் தின்றுவிட்டுக் குறை எழுதாதீர்கள்.

11 மார்ச்

கத்தி, முள்கரண்டி வைத்துச் சாப்பிடலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக. ஆனால் மேயர் பதவியில் இருந்தால் வேண்டாம். 2014 ஜனவரியில் பதவியேற்ற கையோடு பில் டி பிளாசியோ ஸ்டேட்டன் ஐலண்டில் முள்கரண்டியால் பீட்ஸா தின்று, ஊர் பத்திரிகையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

12 மார்ச்

விலைப் பேச்சு வந்துவிட்டது, வரும் என்று தெரியும்.

1980-ல் எரிக் பிராம் என்பவர் நியூயார்க் டைம்ஸில் ஒரு விஷயம் கவனித்து எழுதினார்: அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து ஒரு சாதா ஸ்லைஸின் விலையும் சப்வே (சுரங்க ரயில்) டிக்கெட்டும் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறி வந்திருக்கின்றன. அப்போது சப்வே பதினைந்து சென்ட், ஸ்லைஸும் அதையொட்டியே. இதற்குப் 'பீட்ஸா கொள்கை' என்றே பேர் வைத்துவிட்டார்கள். 2023 ஆகஸ்டில் சப்வே 2.90 டாலர் ஆனது. நான் வாங்கும் இடங்களில் எல்லாம் சீஸ் ஸ்லைஸ் அதைத் தாண்டிவிட்டது, பெப்பரோனி (காரமான இறைச்சி வட்டம்) போட்டால் கேட்கவே வேண்டாம். கொள்கை மூச்சு வாங்குகிறது.

நடுவில் ஒரு டாலருக்கு ஒரு துண்டு விற்கும் டாலர் ஸ்லைஸ் அலை ஒன்று வந்தது. டூ ப்ரோஸ் என்ற கடைக்காரர்கள் 2008-ல் செயின்ட் மார்க்ஸ் பிளேஸில் ஆரம்பித்தார்கள். ஊரே பண நெருக்கடியில் இருந்த வருஷம், கூட்டம் அள்ளியது. ஆறாவது அவென்யூவில் ஒரு காலத்தில் போட்டி முற்றி 75 சென்ட்டுக்கே விற்றார்கள். கோவிட்டுக்குப் பிறகு மாவு, சீஸ், பெட்டி எல்லாம் ஏறி, பல டாலர் கடைகள் ஒன்றரைக்குப் போய்விட்டன. போர்டில் மட்டும் பழைய விலை, மேலே ஸ்டிக்கர்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் கடைகளின் விமர்சனத்தைப் போய்ப் படியுங்கள். நாலு, ஐந்து ஸ்டார் போட்டவர்கள் பாதிப் பேர் "இந்த விலைக்கு" என்ற வார்த்தையோடு எழுதியிருப்பார்கள். அவர்கள் ஸ்டார் போட்டது பீட்ஸாவுக்கு இல்லை, மிச்சமான காசுக்கு. ஐந்து டாலர் வாங்கும் கடைக்கு மூன்று ஸ்டார் போட்டவரின் மனசில் ஓடுவது வேறு கணக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்து 4.4, 4.1 என்று ஒப்பிட்டால் ஒன்றும் கிடைக்காது. உங்கள் 4.6 / 3.9 குழப்பத்திலும் இது கொஞ்சம் கலந்திருக்கலாம்.

12 மார்ச், கொஞ்சம் கழித்து

இந்த ஊர்த் தண்ணீரால்தான் பீட்ஸாவுக்கு ருசி என்ற கதையை ஆரம்பிக்காதீர்கள் என்று நினைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டீர்கள். ஆமாம், கேட்ஸ்கில், டெலவேர் பக்கத்து நீர்த்தேக்கங்களிலிருந்து வரும் தண்ணீர் உப்பு குறைந்த மென்நீர். மாவில் அதற்குக் கொஞ்சம் பங்கு இருக்கலாம். ஆனால் அதே குழாய்த் தண்ணீரில்தான் இந்த ஊரின் மட்டமான பீட்ஸாவும் தயாராகிறது.

14 மார்ச்

ஒரு ஸ்டார் விமர்சனங்களை உட்கார்ந்து படித்தேன். நல்ல பொழுதுபோக்கு, சம்பளம் கொடுத்தால் முழு நேரமும் செய்வேன்.

பெரிய கூட்டம் "மரியாதை இல்லை" கூட்டம். "நெக்ஸ்ட்!" என்று கத்தினானாம், முகம் பார்க்கவில்லையாம், எது நன்றாக இருக்கும் என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினானாம். மதிய வேளையில் பின்னால் இருபது பேர் நிற்கும்போது அங்கே நடக்கவேண்டிய பேச்சு மொத்தம் நாலு வார்த்தை. "ஒரு ரெகுலர், ஒரு கோக்." அவர் பதிலுக்கு விலை சொல்வார். கவுன்ட்டருக்கு வந்த பிறகு நிதானமாகக் கண்ணாடியைத் தடவிக்கொண்டு "இதில் என்ன இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது" என்று ஆரம்பித்தால், கடைக்காரர் திட்டுவதற்கு முன்பே உங்களுக்குப் பின்னால் நிற்பவர் திட்டிவிடுவார். நான் திட்டியிருக்கிறேன், மனசுக்குள்.

அடுத்து "உட்கார இடம் இல்லை". ஸ்லைஸ் கடையில் சுவரோரம் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பலகை இருந்தால் அதுவே அதிகம். அதற்கு ஸ்டார் குறைப்பதை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. "கேஷ் மட்டும்" என்று குறைப்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

டெலிவரி ஆப்பில் வாங்கியவர்கள் ஒரு தனி ரகம். மூடிய அட்டைப் பெட்டிக்குள் சூட்டு ஆவி போக வழியில்லாமல் அடிப்பாகம் முழுக்க ஊறிவிடும். அரை மணி கழித்துத் திறந்து "மொறுமொறுப்பே இல்லை" என்று எழுதினால் அது சைக்கிளில் வந்த தம்பியைப் பற்றிய விமர்சனமும் ஆகாது, கடையைப் பற்றியதும் ஆகாது.

இராத்திரி இரண்டு மணிக்குப் போட்ட ஐந்து ஸ்டாரையும் தள்ளிவிடுங்கள். அந்த நேரத்தில், அந்த நிலைமையில், அட்டையை வாட்டிக் கொடுத்திருந்தாலும் ஐந்து விழுந்திருக்கும்.

16 மார்ச்

சைவக்காரர் கேள்வி ஒன்று இன்பாக்ஸில் வந்தது, எல்லாருக்கும் உதவும் என்று இங்கே போடுகிறேன். "சீஸ் ஸ்லைஸ் சைவம்தானே?"

கறி இல்லை என்ற அளவில் சைவம். அதற்கு மேல் கேட்டால் கொஞ்சம் சிக்கல். பாலைத் திரிக்க ரென்னெட் என்று ஒன்று சேர்ப்பார்கள். அமெரிக்காவில் பெருவாரியான மொஸரெல்லாவுக்கு இப்போது நுண்ணுயிரிலிருந்து எடுக்கும் ரென்னெட்தான், அதனால் அது பெரிய கவலை இல்லை. பிரச்சினை மேலே தூவுகிற சீஸில். பெக்கோரினோ ரோமானோ என்ற செம்மறியாட்டுப்பால் சீஸைப் பல நல்ல கடைகள் சாஸிலோ கடைசியிலோ துருவிப் போடும். அந்த உப்புக் காரம்தான் நல்ல ஸ்லைஸுக்கு அடையாளமே. ஆனால் இத்தாலிய விதிப்படி அதற்கு ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்தான் சேர்க்க வேண்டும். பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்குக் கன்றுக்குட்டி. மேஜையில் இருக்கும் குலுக்குப் புட்டியில் உள்ளது இவை எதுவும் இல்லாத உள்ளூர்த் தூளாகவும் இருக்கலாம், அதன் லேபிளைப் படித்தால்தான் தெரியும்.

அப்புறம் வெட்டும் சக்கரம். பெப்பரோனியை வெட்டிய அதே சக்கரம் உங்கள் துண்டிலும் ஓடும். அடுப்புத் தரையும் பொது. இதெல்லாம் உறுத்தும் என்றால் பீட்ஸா கடையில் வாதாடிப் பிரயோஜனமில்லை. இந்த ஊரில் கோஷர் பால் கடைகள் இருக்கின்றன. யூத விதிப்படி அங்கே பாலும் இறைச்சியும் சேர்க்கவே மாட்டார்கள், பெப்பரோனிப் பேச்சே இல்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வந்தால் அங்கேதான் அழைத்துப் போகிறேன். ரென்னெட் விஷயத்தை மட்டும் அங்கேயும் கேட்டுக்கொள்ளுங்கள். மீனுக்கு அவர்களிடம் தடை இல்லை, டூனா போட்ட பீட்ஸா பக்கத்திலேயே இருக்கும், பார்த்து கை காட்டுங்கள்.

இந்தக் கேள்விக்கு மட்டும் ஸ்டாரைப் பார்க்காமல் விமர்சனத்துக்குள் 'வெஜிடேரியன்' என்று தேடிப் படியுங்கள். நம்ம ஆட்கள் யாராவது கவுன்ட்டரில் நின்று கடைக்காரரைக் குடைந்து பதில் வாங்கி எழுதியிருப்பார்கள். அது தங்கம்.

17 மார்ச்

"ரேய்ஸ் பீட்ஸா நன்றாக இருக்குமா?" எந்த ரேய்ஸ்?

ரால்ஃப் குவோமோ 1959-ல் பிரின்ஸ் தெரு 27-ஆம் எண்ணில் ஒரு ரேய்ஸ் ஆரம்பித்தார். அதற்கப்புறம் 'ஒரிஜினல் ரேய்ஸ்', 'ஃபேமஸ் ரேய்ஸ்', 'ஃபேமஸ் ஒரிஜினல் ரேய்ஸ்' என்று ஊர் முழுக்க முளைத்தது, பலதுக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. அந்த முதல் கடை 2011-ல் மூடிவிட்டது. அதே விலாசத்தில் 2012-ல் வந்ததுதான் இப்போது சதுரப் பெப்பரோனித் துண்டுக்கு வரிசை நிற்கிற பிரின்ஸ் ஸ்ட்ரீட் பீட்ஸா. ஆக, "ரேய்ஸ் பிரமாதம் என்று அண்ணன் சொன்னார்" என்றால் அண்ணனிடம் எந்த வருஷம், எந்தத் தெரு என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

20 மார்ச்

இத்தனை எழுதிய பிறகு ஒருத்தர் நேராகக் கேட்டுவிட்டார்: "சரி, கடைசியில் எதைப் பார்த்துத்தான் கடையைத் தேர்ந்தெடுக்கிறீர்கள்?"

புதுக் கடை என்றால் சாதா சீஸ் ஸ்லைஸ்தான் வாங்குவேன், மேலே ஒன்றும் போடாதது. அதில் ஒளிய இடமில்லை. பல கடைகளில் அதுதான் வேகமாக ஓடும், அதனால் காத்திருந்த நேரமும் குறைவு. சிக்கன் ராஞ்ச், பாஸ்தா போட்டது, பைனாப்பிள் இவையெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் அலங்காரத்துக்கு உட்கார்ந்திருக்கும். அவற்றை வாங்கிவிட்டுக் கடையைத் திட்டியவர்களின் விமர்சனத்தை நான் பாதி மதிப்புக்குத்தான் எடுப்பேன்.

ஆனால் இதையே சட்டமாக்க மனசு வரவில்லை. ப்ரூக்ளினில் எல் அண்ட் பி ஸ்புமோனி கார்டன்ஸ் 1939-லிருந்து இருக்கிறது. அங்கே போய் வட்ட ஸ்லைஸ் வாங்கி மதிப்பெண் போட்டால் அந்தக் கடைக்கு அநியாயம். அவர்களுடையது தடித்த சதுரத் துண்டு, சீஸ் கீழே, சாஸ் மேலே. சாஸுக்கு அடியில் மாவு கொஞ்சம் ஈரமாக இருக்கும், வேகவில்லை என்று ஒரு ஸ்டார் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அந்தத் துண்டின் குணம். எனவே, கடைக்குள் நுழைந்ததும் முன்னால் நிற்கிற நாலு பேர் என்ன வாங்குகிறார்கள் என்று பாருங்கள், அதை வாங்குங்கள். எல்லாரும் சாதா வாங்கினால் சாதா.

போட்டோக்களைப் பார்ப்பேன், ஆனால் மேல்பக்கப் போட்டோ எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். யாராவது துண்டைத் தூக்கிப் பிடித்து அடிப்பக்கத்தைக் காட்டியிருந்தால் அதுதான் பிரயோஜனம். பழுப்பும் கருப்புப் புள்ளியுமாக இருந்தால் கல்லில் வெந்தது. வெளிறி, கம்பிவலைத் தடம் தெரிந்தால் வலைத்தட்டில் வெந்தது, பல நேரம் பெல்ட்டில் ஓடி வரும் அடுப்பாக இருக்கும். அதிலும் மோசமில்லாமல் செய்கிறவர்கள் உண்டு, நான் தேடிப் போகமாட்டேன்.

கேட்டவரின் 3.9 கடைப் போட்டோவையும் தேடிப் பார்த்தேன். அடிப்பக்கம் காட்டி இரண்டு படம் இருக்கிறது, இரண்டும் அழகு. ஸ்டார் குறைந்த காரணம் முக்கால்வாசி "மரியாதை இல்லை".

23 மார்ச்

நேற்றைக்கு நானே வயிறெரிந்து வந்தேன். பேர் வேண்டாம், பென் ஸ்டேஷன் பக்கம், ரயிலுக்குப் பத்து நிமிஷம். சூடு பண்ணச் சொன்னேன். தலையை ஆட்டினார், துண்டை எடுத்தார், அடுப்பைத் தாண்டிப் போனார், கீழே குனிந்தார், 'டிங்' என்று சத்தம். மைக்ரோவேவ். பின்னால் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது ஐயா! கையில் வாங்கியபோது கொதித்தது. பிளாட்பாரத்துக்கு இறங்குவதற்குள் ரப்பர். மைக்ரோவேவ் மாவில் இருக்கும் ஈரத்தைக் கொதிக்க வைத்து அடியை ஊறவைத்துவிடும், ஆறும்போது இறுகிவிடும். பிறகு பல்லுக்கும் துண்டுக்கும் மல்லுக்கட்டுதான்.

ரயிலில் உட்கார்ந்து ஆத்திரத்தோடு ஒரு ஸ்டார் போட ஆப்பைத் திறந்தேன். மதியம் போனவர்கள் "அடுப்பிலிருந்து சுடச்சுட" என்று வரிசையாக ஐந்து போட்டிருக்கிறார்கள். அவர்களும் பொய் சொல்லவில்லை. ஸ்டாரை விட்டுவிட்டு "இரவு ஒன்பதுக்கு மேல் மைக்ரோவேவ், அடுப்பில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்" என்று மட்டும் எழுதினேன். ஆப் விடவில்லை, ஸ்டார் போட்டால்தான் சேமிப்பேன் என்கிறது. மூன்று போட்டேன்.

24 மார்ச்

வீட்டில் மிச்சத் துண்டை என்ன செய்வது என்று கேட்டவருக்கு: தோசைக்கல். சின்னத் தீ, எண்ணெய் வேண்டாம், துண்டை வைத்து இரண்டு நிமிஷம் விடுங்கள். அடி மொறுமொறுப்பானதும் கல்லின் ஓரத்தில், துண்டின் மேல் படாமல், சில சொட்டுத் தண்ணீர் விட்டு மூடியால் மூடுங்கள். ஆவியில் சீஸ் இளகிவிடும். மூடியைத் திறந்து அரை நிமிஷம் விட்டு எடுங்கள்.

வெங்காய ஊத்தப்பம் சுட்ட கல்லையே கழுவாமல் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டால், நன்றாக இருக்கும், இத்தாலியர்களிடம் சொல்லாதீர்கள்.

அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டே காலுக்கு அந்த 4.6 கடைக்குப் போகிறேன். கேட்டவர் ஊருக்குத் திரும்பிவிட்டார் போலிருக்கிறது. வேறு யாராவது வருவதானால் சொல்லுங்கள், கேஷ் கொண்டு வாருங்கள்.